மாண்டரே: வராத இசைத்தட்டின் நான்கு பக்கங்கள்



1967-ஆம் வருஷம் ஜூன் மாதம் 16, 17, 18 ஆகிய மூன்று நாட்களில், கலிபோர்னியாக் கடற்கரையிலுள்ள மாண்டரே என்னும் ஊரின் பொருட்காட்சி மைதானத்தில் நடந்தேறிய சங்கீத விழாவைப் பற்றியும், அவ்விழாவை டி. ஏ. பென்னபேக்கர் என்ற டைரக்டர் படமாக்கி 1968-ஆம் வருஷக் கடைசியில் வெளியிட்ட 'மாண்டரே பாப்' என்ற திரைப்படத்தைப் பற்றியும் உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிலர் பார்த்தும் இருப்பீர்கள். அந்தப் படத்தோடு கூடவே வந்திருக்க வேண்டியதும், வராமலே போனதுமான ஓர் இசைத்தட்டைப் பற்றி இன்று பேச வந்திருக்கிறேன்.

இல்லாத தட்டைப் பற்றி ஒரு மாலைப் பொழுது முழுவதும் பேச என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தத் தட்டுக்கு வேண்டிய ஒலிப்பதிவு இருக்கிறது. பாட்டுக்களின் கிரமம் இருக்கிறது. பாடியவர்களும் வாசித்தவர்களும் இன்னார் என்பது திட்டமாகத் தெரிகிறது. கால அளவுங்கூட இசைத்தட்டுக்கென்றே அளந்து வைத்தாற்போல் அமைந்திருக்கிறது. கோத்துத் தர ஒரு கை மட்டுமே குறைவு. அந்தக் கோவையை மனத்தால் செய்து பார்க்கும்போது, சினிமா என்ற கலை சங்கீதத்துக்கு எதைச் சேர்க்கிறது, எதை மறைக்கிறது என்பதெல்லாம் நமக்குத் துலங்கத் தொடங்குகிறது. அந்த ஆசையினாலேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டேன்.

விழாவைப் பற்றி முதலில் சில வார்த்தைகள். 'மாமாஸ் அண்ட் பாப்பாஸ்' என்ற பாடகர் குழுவின் ஜான் ஃபிலிப்ஸும், இசைத்தட்டுத் தயாரிப்பாளரான லூ ஆட்லரும் முன்னின்று நடத்திய அவ்விழாவில், அன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இளைஞர்களின் செவியைக் கவர்ந்திருந்த பல குழுக்கள் சம்மானம் எதுவும் பெறாமல் மேடையேறின. ஊதியம் பெற்றவர் நம் ரவிசங்கர் ஒருவரே. அரங்கினுள் சுமார் 7,000 பேர் உட்காரலாம். உள்ளே இடம் கிடைக்காமல் மைதானத்தில் நின்றும் கிடந்தும் கேட்டவர்கள் அதற்கு மேலும் உண்டு. ஏ.பி.சி. என்ற தொலைக்காட்சி நிறுவனத்துக்காக எடுக்கத் தொடங்கிய படம் அது. எடுத்த காட்சிகளைப் பார்த்த நிர்வாகிகள் இதை வீடுகளுக்குள் ஒளிபரப்ப இயலாது என்று கைவிட்டமையால் தியேட்டருக்கு வந்து சேர்ந்தது. பென்னபேக்கரும், ரிச்சர்ட் லீகாக், ஆல்பர்ட் மேஸில்ஸ் முதலிய சகாக்களும் தோளில் சுமந்த 16 மில்லிமீட்டர் காமிராக்களுடன் மேடைமீதும் மேடையடியிலும் நடமாடிக்கொண்டிருக்க, சற்று அப்பால் வாலி ஹைடர் என்பவரின் நடமாடும் ஒலிப்பதிவுக் கூடத்தில் எட்டுத் தடங்கள் கொண்ட நாடா சுழன்றுகொண்டிருந்தது. அந்த எட்டில் ஒன்று, காமிராக்களின் ஓட்டத்தோடு ஒலியை ஒத்துப்போகச் செய்வதற்கான குறியொலிக்குப் போய்விட்டது. எஞ்சிய ஏழு தடங்களுக்குள்தான் மூன்று நாள் சங்கீதமும் அடங்க வேண்டியிருந்தது. இந்த ஏழு என்ற எண்ணைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு ஏற்பாட்டுடன் பதிவான சங்கீதம், படம் வெளிவந்த காலத்தில் படத்தின் தட்டாக ஏன் வரவில்லை? படத்தில் தோன்றுகிற கலைஞர்கள் எந்தெந்தக் கம்பெனிகளுக்கு ஒப்பந்தப்பட்டிருந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தாலே காரணம் புலப்பட்டுவிடும். சைமனும் கார்ஃபங்கலும் கொலம்பியாவுக்குப் பாடியவர்கள்; ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழு ஆர்.சி.ஏ. விக்டருக்கு, 'தி ஹூ' அமெரிக்காவில் டெக்காவுக்கு, எரிக் பர்டனும் அனிமல்ஸும் எம்.ஜி.எம். கம்பெனிக்கு, கன்ட்ரி ஜோவின் குழு வான்கார்டுக்கு, கேன்ட் ஹீட் லிபர்ட்டிக்கு, மாமாஸ் அண்ட் பாப்பாஸ் டன்ஹில்லுக்கு, ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் ரிப்ரீஸுக்கு, ரவிசங்கர் வோர்ல்டு பசிபிக்குக்கு, ஓடிஸ் ரெடிங்கின் பதிவுகளோ அட்லாண்டிக்கின் வசம். கூலி கேட்காமல் மேடையேறிய கலைஞனின் குரல், அவன் மேடையை விட்டு இறங்கிய மறுகணமே ஒரு கம்பெனியின் ஆஸ்தியாகிவிடுகிறது. பத்துக் கம்பெனிகளின் வக்கீல்களை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார வைத்து, ஒரே தட்டுக்குச் சம்மதம் வாங்குவதென்றால், அந்த விழாவை நடத்தியதைக் காட்டிலும் பெரிய காரியமாக அது முடிந்திருக்கும்.

இதற்கு நேர் மாறான திருஷ்டாந்தம் ஒன்றும் உண்டு. 1969-இல் நடந்த உட்ஸ்டாக் விழாவின் படம் 1970 மார்ச் மாதத்தில் வந்தது. வந்த சில வாரங்களுக்குள்ளேயே மூன்று தட்டுக்கள் கொண்ட தொகுதியும் கடைக்கு வந்துவிட்டது. படத்தை வெளியிட்டவர்கள் வார்னர் பிரதர்ஸ். தட்டை வெளியிட்டது கொட்டிலியன் என்ற அட்லாண்டிக்கின் கிளை. அட்லாண்டிக்கையோ 1967-லேயே வார்னர் விலைக்கு வாங்கியிருந்தது. படத்துக்கும் தட்டுக்கும் எஜமானர் ஒருவராக இருந்தமையால் தடை இல்லை. இதே காரணத்தினால்தான் மாண்டரேயிலிருந்தும் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து ஒரு தட்டில் வர முடிந்தது. 1970 ஆகஸ்டில் ரிப்ரீஸ் வெளியிட்ட அத்தட்டில் ஒரு பக்கம் ஹெண்ட்ரிக்ஸ், மறுபக்கம் ஓடிஸ் ரெடிங். ரிப்ரீஸும் அட்லாண்டிக்கும் ஒரே குடைக்கீழ் இருந்தவை அல்லவா? அத்தட்டு வெளிவந்த சில வாரங்களில், செப்டம்பர் 18 அன்று ஹெண்ட்ரிக்ஸ் மறைந்தார். ஓடிஸ் ரெடிங்கோ படத்தையே பார்க்கவில்லை. 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்துபோனார்.

ரவிசங்கரின் மாண்டரேக் கச்சேரி அதற்கு முன்பே, 1967-லேயே தனித் தட்டாக வந்துவிட்டது. மாமாஸ் அண்ட் பாப்பாஸின் கச்சேரியும் 1970-இல் வேறொரு தட்டாக வந்தது. நெடுங்காலம் கழித்து 1992-இல் ரைனோ என்ற கம்பெனி நான்கு குறுந்தகடுகளில் விழாவின் பெரும்பகுதியைத் தொகுத்து அளித்தது. இவற்றில் எதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன், ஒவ்வொன்றும் பொக்கிஷமே. ஆயினும், இவை விழாவைப் பற்றிய பதிவுகள் அல்லது தனித்தனிக் கலைஞர்களின் ஞாபகச் சின்னங்கள். பென்னபேக்கர் அந்த மூன்று நாள் சங்கீதத்தைக் கலைத்து, அடுக்கி, தமக்கென ஒரு கிரமம் வகுத்துப் படைத்தாரே, அந்தப் படைப்பின் காது வடிவம் இவற்றில் எதிலும் கிடையாது. என்னுடைய ஆதங்கம் அதைப் பற்றியதே.

ஏனென்றால் படத்தின் கிரமம் விழாவின் கிரமம் அன்று. ரவிசங்கர் வாசித்தது ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். அன்று இரவுதான் 'தி ஹூ' குழுவினர் வாத்தியங்களை உடைத்தார்கள், ஹெண்ட்ரிக்ஸ் கிட்டாருக்குத் தீ வைத்தார். படத்திலோ அவர்களெல்லாம் ஓய்ந்த பிறகு, எல்லாவற்றுக்கும் கடைசியில் ரவிசங்கர் வருகிறார். 'தி ஹூ', ஹெண்ட்ரிக்ஸ் ஆகிய இரு தரப்பாருக்குள்ளும் யார் முந்தி மேடையேறுவது என்ற தகராறு வந்து, காசைச் சுண்டிப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பது பிரசித்தமான கதை. படத்திலே அந்த இருவரையும் அருகருகே விடாமல், நடுவில் கன்ட்ரி ஜோவின் வாத்திய இசையையும், முந்திய நாளிரவு பாடிய ஓடிஸ் ரெடிங்கையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார் டைரக்டர். முதலில் உடைப்பு, பிறகு ஒரு மயக்கம், பிறகு உருக்கம், பிறகு நெருப்பு, பிறகு ஓர் இளைப்பாறல், கடைசியில் பதினெட்டு நிமிஷம் சிதார் என்று அந்த அடுக்கைச் செவியால் தொடர்ந்து பார்த்தால், இதைச் செய்தவர் வெறும் படத்தொகுப்பாளர் மட்டும் அல்லர், ஸ்வர ஞானமும் தாள ஞானமும் உடையவர் என்பது தெரியவரும்.

இனித் தட்டுக்கு வருவோம். படத்தின் நீளம் ஏறக்குறைய 79 நிமிஷம். நிமிஷத்துக்கு 33⅓ சுற்றுச் சுற்றுகிற நீண்ட நேரத் தட்டு ஒன்றில், ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷம் என்பது உத்தமமான அளவு. அதற்கு மேல் நீட்டினால், தட்டின் கோடுகளை நெருக்கி வெட்டவேண்டி வரும். நெருக்கி வெட்டினால் ஒலியின் பருமனைக் குறைக்கவேண்டி வரும். இருபதை நான்கால் பெருக்கினால் எண்பது. இரண்டு தட்டுக்கள், நான்கு பக்கங்கள். படத்தைத் தொகுத்தவர் இதை எண்ணித் தொகுத்திருக்க மாட்டார். ஆனாலும் இவ்வளவு துல்லியமாக ஒரு படம் இரண்டு தட்டுக்களுக்குள் உட்காருவதைக் காணும்போது எனக்கு ஓர் ஆனந்தம் உண்டாகத்தான் செய்கிறது.

முதற்பக்கத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தலைப்பு எழுத்துக்களின் மீது ஒலிக்கும் ஜானிஸ் ஜாப்ளின் குழுவின் ஆர்ப்பாட்டத்தோடு தொடங்கி, விழாவுக்கு ஜனங்களை வரவழைப்பதற்கென்றே ஜான் ஃபிலிப்ஸ் இயற்றி ஸ்காட் மெக்கன்ஸி பாடிய சான் பிரான்சிஸ்கோப் பாட்டு, மாமாஸ் அண்ட் பாப்பாஸின் இரண்டு பாட்டுக்கள், கேன்ட் ஹீட், சைமன்–கார்ஃபங்கல், தென்னாப்பிரிக்காவை விட்டு வெளியேறி வாழ்ந்த ஹியூ மஸக்கேலாவின் டிரம்பெட் வாசிப்பு என்று இப்பக்கம் ஓடிவிடும். இவற்றுள் சான் பிரான்சிஸ்கோப் பாட்டு ஸ்டூடியோவில் பதிவானது. மேடையில் பதிவானவற்றுக்கு நடுவே அதன் மினுமினுப்பு சற்றுத் தனித்துத் தெரியும். தெரியட்டும். விழாவுக்கு வருமுன் அந்த இளைஞர்கள் வானொலியில் கேட்டுக்கொண்டு வந்த பாட்டு அது. வாசல்வரை வானொலி, உள்ளே நுழைந்ததும் மேடை என்ற வித்தியாசம் செவிக்குப் புலனாவது நல்லதே. படத்தின் ஆரம்பத்தில், காலியான அரங்கில் நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டு, தனக்குக் கிடைத்த பாக்கியத்தைப் பற்றிப் பேசுகிற ஒரு பெண்ணின் குரல் வருகிறதே, அந்தக் குரலையும் தட்டில் வைக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். சங்கீதம் அல்லாத அந்தச் சில விநாடிகள் இல்லாவிட்டால், பின்னால் எழும் கரகோஷமெல்லாம் முகமில்லாத இரைச்சலாகவே கேட்கும்.

இரண்டாம் பக்கம் ஜெஃபர்சன் ஏர்ப்ளேன் குழுவோடு தொடங்குகிறது. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. 'இன்று' என்று பொருள்படும் தலைப்புக் கொண்ட அவர்களுடைய மென்மையான பாட்டைப் பாடுகிறவர் மார்ட்டி பேலின். காமிராவோ பக்கத்தில் வாத்தியத்தின் முன் அமர்ந்து சொற்களை வாய்க்குள் முணுமுணுக்கும் கிரேஸ் ஸ்லிக் என்ற பெண்மணியின் முகத்தையே விடாமல் பற்றிக்கொண்டிருக்கிறது. பார்க்கிறவனுக்கு அந்தக் குரல் அவளுடையதோ என்ற மயக்கம் நேர்கிறது. அதைச் சிலர் காமிராக்காரரின் பிசகு என்பார்கள். பாட்டைக் கேட்டுக்கொண்டே தன்னை மறக்கும் முகத்தைக் காட்டுவது பிசகாகாது என்பது என் கட்சி. எப்படியாயினும், தட்டில் அம்முகம் மறைந்துவிடும். மார்ட்டி பேலினுக்கு அவருடைய குரல் திரும்பக் கிடைக்கும். தியேட்டரில் அந்தப் பாட்டின் முழு உரிமையையும் இழந்துவிட்ட ஒரு பாடகருக்கு, இசைத்தட்டு ஒன்றே நியாயம் வழங்க முடியும்.

அடுத்தது ஜானிஸ் ஜாப்ளின். டெக்ஸாஸிலிருந்து வந்த இப்பெண் சனிக்கிழமைப் பிற்பகலில் தம் குழுவோடு பாடியபோது, அக்குழுவின் மானேஜர் படம் பிடிக்க அனுமதி தரவில்லை. பாட்டின் பிரதாபம் மைதானம் முழுவதும் பரவிய பிறகு, படத்தின் பொருட்டே மறுநாள் மீண்டும் மேடையேறினார்கள். வில்லி மே தார்ன்ட்டன் என்ற கறுப்பினப் பாடகி இயற்றிய பாட்டை ஜாப்ளின் எடுத்துப் பாடும்போது, காமிரா அவருடைய பாதங்களைக் காட்டுகிறது. மேடைப் பலகையில் குதிகால் இடிக்க இடிக்கக் குரல் பிளந்து எழுகிறது. முன்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமாஸ் அண்ட் பாப்பாஸ் குழுவின் காஸ் எலியட், தாமும் பெரும் பாடகியாயிருந்தும், வாயைத் திறந்து வியந்து நிற்கிற காட்சியும் வருகிறது. பாதத்தையும் வியப்பையும் தட்டு காட்ட இயலாது. ஆனால் கிட்டார் நின்று, தாளவாத்தியம் நின்று, ஒற்றைக் குரல் மட்டும் தொங்குகிற இடங்களில், அவருடைய மூச்சு உள்ளே இழுபடும் ஓசையைத் தட்டு பத்திரமாகத் தரும். காட்சியில் லயித்த கண் அந்த மூச்சைக் கேட்க விடுவதில்லை.

அனிமல்ஸ் குழுவின் வயலினும், அதன்பின் 'தி ஹூ' குழுவினரின் பாட்டும் இப்பக்கத்தை முடித்துவைக்கின்றன. தட்டின் உட்புறத்தை நெருங்க நெருங்க, ஒரு சுற்றுக்கு ஊசி கடக்கும் தூரம் சுருங்கிப் போவதால், உச்ச ஸ்வரங்கள் தெளிவிழந்து கரகரக்கத் தொடங்கும் என்பது தட்டு வெட்டுகிறவர்களின் நித்திய கவலை. பீட் டவுன்ஷெண்ட் கிட்டாரைத் தரையில் அடித்து நொறுக்கும் கட்டம் சரியாக அந்த உட்கோடுகளில் வந்து விழும். அங்கே நாதம் சற்றுச் சிதைந்தாலும் நஷ்டமில்லை. சிதைவதே அந்த இடத்தின் விஷயம்.

மூன்றாம் பக்கத்துக்குத்தான் நான் ஆவலோடு காத்திருக்கிறேன். கன்ட்ரி ஜோவின் நீண்ட வாத்திய இசை, உடைந்த மரத்துண்டுகளின் மேல் பனி இறங்கினாற்போல் இறங்கிய பிறகு, ஓடிஸ் ரெடிங் வருகிறார். அவருக்குப் பின்னால் புக்கர் டி. அண்ட் தி எம்.ஜி.'ஸ் என்ற குழு. கிட்டாரில் ஸ்டீவ் கிராப்பர், பாஸ் கிட்டாரில் டொனால்ட் டன், டிரம்ஸில் அல் ஜாக்ஸன். ராக் இசையின் கேளிக்கைக்கு வந்த வெள்ளை இளைஞர்களின் கூட்டத்துக்கு முன்னால், அமெரிக்கத் தென்னாட்டுக் கறுப்பினச் சங்கீதம் அன்றிரவு மிக்க கௌரவத்தோடு நின்றது. நெடுநாள் காதலித்துவிட்டேன், இனி நிறுத்த முடியாது என்ற கருத்துள்ள பாட்டை அவர் பாடும்போது, பென்னபேக்கர் காமிராவை மேடை விளக்குக்கு எதிரே வைத்துப் படம் பிடித்திருக்கிறார்: பாடகரின் தலை விளக்கை மறைக்கும்போது இருள், விலகும்போது கண்ணைப் பறிக்கும் ஒளி. அந்த மறைப்பும் விலகலும் தாளத்தோடு ஒத்துப்போவது படத்தின் அற்புதங்களுள் ஒன்று. சினிமாவை விட்டுத் தட்டுக்கு வந்தால் அது போய்விடுமே என்று ஒருவர் வருந்தலாம். போகாது என்பதே நான் மீண்டும் மீண்டும் கேட்டு அறிந்த உண்மை. சொல் முடிந்த பிறகு ஒரு கணம் வெறுமை. அந்த வெறுமையின் விளிம்பில் பித்தளைக் குழல்களும் டிரம்மும் ஒரே அடியாக விழும். அது போதாதென்று, அதே முத்தாய்ப்பை மறுபடியும் வாசிக்கச் சொல்லிப் பாடகர் கேட்டு வாங்குகிறார். இருளும் ஒளியும் முதலில் இருந்தது அந்தத் தாளத்திலேதான்; டைரக்டர் கண்ணுக்கு மொழிபெயர்த்தார், அவ்வளவே.

ஹெண்ட்ரிக்ஸ் அன்றிரவு பாடியவை பல; அவற்றுள் கடைசிப் பாட்டு ஒன்றே படத்தில் உண்டு. அவரே வர்ணம் தீட்டிய கிட்டாரின் மேல் மண்டியிட்டு, எண்ணெய் ஊற்றி, தீக்குச்சியைக் கிழித்துப் போட்டு, எரியும்போதே ஓங்கி அடித்து உடைத்து, துண்டுகளைக் கூட்டத்துக்குள் எறிகிற காட்சி உலகப் பிரசித்தம். காட்சியின் புகழே அதன் ஒலியை விழுங்கிவிட்டது என்று நினைக்கிறேன். தட்டில் நெருப்பு தெரியாது. பாட்டுத் தொடங்குமுன் ஒலிபெருக்கிக்கு எதிரே கிட்டாரைப் பிடித்து அவர் எழுப்புகிற ஊளையும் உறுமலும், அந்த ஊளைக்குள்ளிருந்து பாட்டின் எடுப்பு ஒரு பாறையைப் போல் வெளிப்படுவதும், இறுதியில் விரல் படாமலே தந்திகள் அலறிக்கொண்டிருப்பதும்தான் தெரியும். தெரியும்போது, அந்த மனிதர் வாத்தியத்தை அழித்தாரே ஒழிய நாதத்தை ஒரு கணமும் அழிக்கவில்லை என்பது விளங்கும். இந்தக் கட்டம் உட்கோட்டில் வந்து விழுந்திருந்தால் விபரீதமாயிருக்கும். ஆனால் டைரக்டர் இதற்குப் பிறகு மாமாஸ் அண்ட் பாப்பாஸின் மெல்லிய பாட்டு ஒன்றை வைத்திருக்கிறார். மூன்றாம் பக்கத்தின் உட்கோடுகளுக்கு, உச்ச ஒலியே இல்லாத அந்தச் சாந்தமான குரல்கள் வந்து சேரும். தட்டு வெட்டுகிறவர் கேட்டு வாங்கியிருந்தாலும் இதைவிட நல்ல ஏற்பாடு கிடைத்திராது.

பிறகு தட்டைத் திருப்பிப் போட எழுந்திருக்க வேண்டும். படத்தில் இல்லாத இந்த அரை நிமிஷ இடைவெளி, தட்டு தனக்கென்று சம்பாதித்துக்கொண்ட லாபம். நெருப்பின் சூடு தணியாமல் சிதாரைக் கேட்கத் தொடங்கக் கூடாது.

நான்காம் பக்கம் முழுவதும் ரவிசங்கர். உடன் தபலாவில் அல்லா ரக்கா, தம்பூராவில் கமலா சக்கரவர்த்தி. அன்று பிற்பகல் இவர்கள் மட்டுமே வாசித்த பல மணி நேரக் கச்சேரியில், நம் ஆபேரியை நினைவூட்டும் பீம்பலாசியை விஸ்தாரமாக வாசித்தது தனித் தட்டில் வெளியாகியிருக்கிறது. படத்தில் இடம்பெறுவது தாத்ராவில் தொடங்கித் துரித தீன்தாளுக்குச் செல்லும் ஒரு துன். இங்கே பென்னபேக்கர் செய்த காரியத்தை நான் எத்தனை முறை சொன்னாலும் அலுப்பதில்லை. சிதார் ஒலிக்கத் தொடங்கிப் பல நிமிஷங்கள் வரையில் சிதார்க்காரரை அவர் காட்டுவதே இல்லை. கூட்டத்தில் உறங்கி எழுந்தவர்கள், பூச்சூடியவர்கள், குழந்தைகள், கண்ணை மூடியவர்கள் என்று முகம் முகமாகக் காமிரா அலைந்து திரிகிறது. வாசிப்பவர் யார் என்று தெரியாமலே நாதத்தில் நாம் நனைகிறோம். வெகு நேரம் கழித்தே விரல்களும் தந்திகளும் திரையில் வருகின்றன. படம் முழுவதிலும், திரைப்படம் தானாகவே இசைத்தட்டாகிவிட்ட இடம் இது. ஆகையினால், படத்திலிருந்து தட்டுக்கு மாறும்போது எதையும் இழக்காத பக்கம் இதுவே.

இழப்பு ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டுக்கொண்டிருக்கிற கூட்டத்தில் ஹெண்ட்ரிக்ஸ் உட்கார்ந்திருப்பதைப் படம் காட்டுகிறது. வாத்தியத்தைத் தெய்வாம்சமாகப் போற்றும் மரபில் வந்த ரவிசங்கர், அன்றிரவு கிட்டார் எரிந்ததைக் கண்டு மனம் நொந்ததைப் பிற்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். சரஸ்வதி பூஜையன்று வீணைக்குச் சந்தனமும் குங்குமமும் இடுகிற நமக்கு அந்த வேதனை எடுத்துச் சொல்லாமலே விளங்கும். ஆனாலும் படம் அங்கே தீர்ப்பு எதுவும் கூறவில்லை. எரித்தவரையே கேட்பவராகவும் காட்டி விட்டுவிட்டது. தட்டில் அந்த முகம் இராது. மூன்றாம் பக்கமும் நான்காம் பக்கமும் அடுத்தடுத்து இருக்கும். ஒரே கேட்பவர் இரண்டையும் ஒரே மாலையில் கேட்பார். அக்காலத்தில் தனித்தனிக் கம்பெனித் தட்டுக்களில் பிரிந்து கிடந்த அந்த இருவரும் படத்தின் கிரமப்படியே ஒரே உறைக்குள் வருவதற்கு வேறு வழி ஏற்படவில்லை என்பதாலேயே, இந்தத் தட்டு வராமற்போனது எனக்குப் பெருங்குறையாகத் தோன்றுகிறது.

ஏழு தடங்கள் என்று முன்பு சொன்னேன். அந்த ஏழிலிருந்து இரண்டு காதுக்கான ஒலியைக் கலக்கும்போது, கலக்குகிறவர் கைக்கொள்ள வேண்டிய விரதம் ஒன்று உண்டு. உட்ஸ்டாக் தொகுதியில் வரும் ஒரு பாட்டு, அந்த விழாவில் பதிவானதே அல்ல. நியூயார்க்கிலிருந்த ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் பதிவானது. அப்படிப்பட்ட ஒட்டுப்போடுதல் எதுவும் இங்கே கூடாது. பாஸ் கிட்டார் அமுங்கிப் போயிருந்தால் அமுங்கியபடியே இருக்கட்டும். குரல் மைக்கை விட்டு விலகினால் விலகட்டும். சிதாருக்குச் சுருதி சேர்க்கும் சத்தம் கேட்டால் அதுவும் இருக்கட்டும். ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் கரகோஷத்தைச் சட்டென்று மங்கவைத்து அடுத்த பாட்டைக் கொண்டுவரும் வழக்கமும் வேண்டாம். ஜாலா உச்சிக்கு ஏறித் தபலாவும் சிதாரும் ஒருவரையொருவர் துரத்தி ஒரே சமத்தில் வந்து நின்றதும், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று ஓயாமல் கைதட்டுகிறது. அதை முழுவதும், ஒரு விநாடியும் குறைக்காமல், தட்டின் கடைசிக் கோடுவரை விடவேண்டும்.

விட்டுப்போன பாட்டுக்களைச் சேர்த்தால் என்ன என்று கேட்கக்கூடும். ஓடிஸ் ரெடிங் பாடிய ஐந்தில் இரண்டையே படம் எடுத்துக்கொண்டது. படத்தில் வரவேண்டாம் என்று விலகிய கிரேட்ஃபுல் டெட் குழுவும் உண்டு. அவற்றையெல்லாம் சேர்த்தால் விழா பெருகும், படம் கரைந்துபோகும். சேர்க்க வேண்டியது பாட்டு அன்று, விவரம். உறையின் பின்புறத்தில், வாலி ஹைடரின் பெயரும் காமிராக்காரர்கள் அனைவரின் பெயர்களும், பாடியவர்களின் பெயர்களுக்குச் சமமான எழுத்தில் இருக்க வேண்டும்; கம்பெனிகளின் பெயர்கள் கீழே சிறிய எழுத்தில் போதும். ஒவ்வொரு பாட்டுக்கும் நேரே அது பாடப்பட்ட நாளும் வேளையும் அச்சாக வேண்டும்: சைமன்–கார்ஃபங்கலுக்கு வெள்ளி இரவு, கேன்ட் ஹீட்டுக்குச் சனி பிற்பகல், ஓடிஸ் ரெடிங்குக்குச் சனி இரவு, ஹெண்ட்ரிக்ஸுக்கு ஞாயிறு இரவு, அவருக்கும் பின்னால், நான்காம் பக்கத்தில் தனியாக நிற்கும் ரவிசங்கருக்கு ஞாயிறு பிற்பகல். வரிசை புரண்டிருப்பதை வாங்குகிறவர் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்வார். ஏன் புரண்டது என்பதைத் தட்டைப் போட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.